மலையில புள்ள வளக்குறவங்களுக்கு இந்த புக்கெல்லாம் ஒத்து வருமா?

கேர்பெட்டா_அம்மா

வணக்கம்ங்க எல்லாருக்கும். கோத்தகிரில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூட்டம் இல்லாத நேரத்துல நாலு பக்கம் அஞ்சு பக்கம்னு படிக்கிறதுதான், அதனால ஒரு புக் முடிக்க ரெண்டு மாசம் ஆயிரும். இப்ப முடிச்சது ஜோனதன் ஹைட் எழுதின 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்', 2024ல வந்தது. பெங்களூர்ல இருக்கற தம்பி வாங்கிட்டு வந்து குடுத்தான், "அக்கா இத படிச்சீன்னா நாளைக்கே பாப்பாகிட்ட இருந்து போன புடுங்கிருவ"ன்னான்.

படிக்காதவங்களுக்காக சொல்றேன். அமெரிக்காவுல 2010ல இருந்து 2015க்குள்ள பசங்களோட காலம் வெளையாட்டுல இருந்து போனுக்கு மாறிருச்சு, அங்க இருந்துதான் பதட்டம், மனச்சோர்வு எல்லாம் ஏறுச்சு, பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னும் ஜாஸ்திங்கறார். அதுக்கு நாலு வழி சொல்றார். ஹைஸ்கூல் போற வரைக்கும், அவங்க ஊர் கணக்குல ஒரு 14 வயசு வரைக்கும், ஸ்மார்ட்போன் வேண்டாம். 16 வரைக்கும் சோசியல் மீடியா வேண்டாம். ஸ்கூலுக்குள்ள போனே வேண்டாம். நாலாவது, பசங்கள பெரியவங்க காவல் இல்லாம வெளிய விடுங்க, தனியா நடக்க விடுங்க, விழுந்து எந்திரிக்கட்டும்.

மொத மூணுக்கும் தலையாட்டிட்டே வந்தேன். நாலாவதுல நின்னுட்டேன்.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. பஸ்ஸ விட்டு எறங்கினா எங்க ஹட்டிக்கு, அதாவது எங்க படகர் ஊருக்கு, வர்றதுக்கு தேயிலைக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதைதான், ஒரு கிலோமீட்டர் இருக்கும். டிசம்பர்ல ஆறு மணிக்கே இருட்டிரும், மிஸ்ட் எறங்கிருச்சுன்னா பத்தடி தூரத்துல நிக்கறது பாறையா காட்டெருமையானு தெரியாது, போன வாரம்கூட பாறைனு நெனச்சு பக்கத்துல போயிருக்கா, பாறை மூச்சு விட்டுச்சாம். கரடி வேற கோவில் வெளக்கு எண்ணெய்க்கு வந்துட்டு போகுது. அதனால அவ எறங்கினதும் எனக்கு போன் பண்ணி "அம்மா எறங்கிட்டேன்"ம்பா, நான் மாமனாருக்கு போன் போடுவேன், அவர் மேல இருந்து டார்ச் அடிச்சுட்டே எறங்கி வருவார், பாதிப் பாதைல ரெண்டு வெளிச்சமும் சேர்ந்துக்கும். போன் இருக்கறதாலதான் அவ தனியா நடக்கறா. அந்த புக்ல போனும் தனியா நடக்கறதும் எதிரும் புதிருமா நிக்குது, எங்க வீட்டுல ரெண்டும் ஒரே பையில இருக்கு.

இதுக்கு என்ன பண்றது? புக்க தப்பு சொல்லலீங்க. நம்ம பாதைய பாக்காம எழுதினத நம்ம பாதைக்கு எப்படி வெட்டித் தைக்கறதுனுதான் கேக்கறேன்.

பூம்பாறை_பூண்டு

அக்கா நான் கொடைக்கானல் பக்கம். இங்கயும் அதே கதைதேன், காட்டெருமை டவுனு நடுவுல இருக்குற ஏழு ரோடு சந்திப்புலயே வந்து ஹாயா நிக்கிது, டூரிஸ்ட்டு செல்பி எடுக்குறான், அது அவன எடுக்காம விட்டா அவன் அதிர்ஷ்டம். ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுத்துருங்கக்கா, ஆயிரத்து சொச்சம்தேன், "எறங்கிட்டேன்" சொல்ல அது போதும்ல. ஹைட்டே அதத்தான சொல்றாரு, ஸ்மார்ட்போன்தேன் வேணாம்ங்குறாரு, பேசுற போன வேணாம்னு சொல்லலியே.

அப்பறம் ஒரு விசயம். அந்த புக்கு எனக்கும் வேணும். பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புனா... சரி சரி, ஜெராக்ஸ் கடைக்காரவங்ககிட்டயே கேக்குறேன் பாருங்க.

கேர்பெட்டா_அம்மா

தம்பி முழு புக்க ஜெராக்ஸ் போட்டுக் குடுன்னு வர்றவங்கள நான் கடையில இருந்தே திருப்பி அனுப்பறவ. புக்க வேணா தர்றேன், படிச்சுட்டு திருப்பிக் குடுக்கணும்.

பட்டன் போன் யோசிச்சேன்ப்பா. ஆனா ஹோம்வொர்க் வர்றது வாட்ஸ்அப் குரூப்புலதான, பட்டன் போன்ல அத எப்படி பாக்கறது.

ரிட்டயர்டு_டீச்சர்_குன்னூர்

கண்ணு, வாட்ஸ்அப் குரூப்புனு சொன்ன பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. நான் முப்பத்தி ஒண்ணு வருஷம் பாடம் எடுத்தவ. இந்த மலையில எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கற லயத்து வீடுங்க, ஹட்டிங்க, பழங்குடி ஊருங்க எல்லாத்துலயும் போன் எப்படி உள்ள வந்துச்சுனு என் கண்ணால பாத்தேன். எந்தப் புள்ளையும் அடம்பிடிச்சு வாங்கல, நாங்கதான் வாங்க வச்சோம். 2020 மார்ச்சுல ஸ்கூல மூடினாங்க, ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் ஒண்ணாந்தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல. அந்த நேரத்துல கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சு, ஆனா கேபிள் இல்லாத வீடு எத்தன, கரண்டு போனா மூணு நாள் வராத எடம் எத்தன. போன் இருந்தா லிங்க் அனுப்பறோம்னு சொல்லிட்டோம். ஒரு அம்மா கம்மலை அடகு வச்சு வாங்கினா, எனக்குத் தெரியும், ஏன்னா ரசீதை என்கிட்டதான் காட்டி "இது போதுமா டீச்சர், இதுல பாடம் வருமா"னு கேட்டா.

அப்பறம் சிக்னல். வீட்டுக்குள்ள கிடைக்காது, ஊருக்கு மேல தண்ணி டேங்க் ஒண்ணு, அதோட படிக்கட்டுல ஏழாவது படில நின்னாத்தான் ரெண்டு கட்டம் வரும். ஆறு பசங்க அந்த ஒரு படிக்காக முறை வச்சுப்பாங்க. மழைல குடை பிடிச்சுட்டு நிக்கற போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. இப்ப அதே பசங்க போன்லயே இருக்காங்கனு அதே பெரியவங்க திட்டறாங்க, நானும் சேர்த்துத்தான்.

அந்த அமெரிக்க புக்க நான் படிக்கல, என் பேத்தி சொல்லக் கேட்டதுதான். ஆனா நீ ஜெராக்ஸ் கடைல உக்காந்து படிக்கறேன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, கிஜுபாய் பதேகாவோட 'பகல் கனவு'. குஜராத்திக்காரர், வக்கீலா இருந்து வாத்தியார் ஆனவர், பவநகர்ல 1920ல பாலர் பள்ளி ஆரம்பிச்சவர். புக்ல ஒரு வாத்தியார் கல்வி அதிகாரிகிட்ட போய் ஒரு வருஷத்துக்கு நாலாம் வகுப்ப என்கிட்ட குடுங்கனு வாங்கிட்டு வருவார். பெரிய பெரிய திட்டத்தோட வந்து மொத நாள் பசங்கள கண்ண மூடி அமைதியா உக்காரச் சொல்வார். பசங்க கத்தோ கத்துனு கத்தி க்ளாசயே ரெண்டாக்கிருவாங்க. அவர் ராத்திரி யோசிச்சு மறுநாள் கதை சொல்ல ஆரம்பிப்பார். எனக்கு அந்தப் புக்ல ரொம்பப் பிடிச்சது அந்த மொத நாள் தோல்விதான். இப்ப வர்ற புக்ல எல்லாம் எழுதினவர் சொன்னது எல்லாமே முதல் நாளே பலிச்சுருது!

மைசூர்ரோடு_மாறன்

மன்னிக்கணும், ஒரு விஷயத்த வெளிப்படையா சொல்றேன். நம்ம ஆளுங்களுக்கு அபுனைவு, அதாவது கதை இல்லாத புக்குன்னா சுயமுன்னேற்றம், இல்லன்னா வாஸ்து. ஒரு கருத்த தரவோட வச்சு முன்னூறு பக்கம் வாதாடுற பழக்கமே தமிழ்ல இல்ல. அதனாலதான் ஒரு அமெரிக்க பேராசிரியர் சொன்னதும் காட்டெருமைய கொண்டு வந்து நிறுத்தி அவர மடக்குறோம். அவர் சொல்றது ஒட்டுமொத்த போக்கு, உங்க வீட்டுப் பாதை விதிவிலக்கு. விதிவிலக்க வச்சு விதிய மறுக்க முடியாது.

லயத்துப்பையன்

அண்ணே விதிவிலக்கா? கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தா எல்லாத்துலயும் நடந்து ஸ்கூல் போற புள்ளைங்கள எண்ணிப் பாத்துட்டு சொல்லுங்க யாரு விதி யாரு விலக்குன்னு. 2024 ஜனவரில பந்தலூர் பக்கம் எஸ்டேட்டுல மூணு வயசு புள்ளைய சிறுத்தை அடிச்சுச்சே, அது உங்க ஒட்டுமொத்த போக்குல எந்த பக்கத்துல வரும்.

பூம்பாறை_பூண்டு

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கப்பா. டீ குடிச்சுட்டு வாங்க, வேற என்ன கிடைக்கும் நீலகிரில.

கணக்கு_வாத்தி_ஊட்டி

மாறன் சார் தரவுன்னு சொன்னதால நான் வர்றேன், அது என் பொழப்பு. காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கறேன்.

ஊட்டில ஜூன் பொறந்து மழை பிடிச்சதும் ஸ்வெட்டர் வியாபாரம் ஏறும், மெடிக்கல்ல சளி மருந்தும் ஏறும். ரெண்டையும் ஒரே படத்துல கோடா போட்டுக் காட்டினா ஸ்வெட்டர் போடறதாலதான் சளி பிடிக்குதுனு நான் ஒரு புக்கே எழுதிரலாம், தலைப்பு கூட ரெடி. போன் வந்த வருஷமும் மனச்சோர்வு ஏறின வருஷமும் ஒண்ணா இருக்குங்கறது மட்டும் போதாது. ஹைட்டுக்கு இது தெரியும், அதனாலதான் சோசியல் மீடியாவ குறைக்கச் சொல்லி பண்ணின பரிசோதனைகளையும் எடுத்து வைக்கறார், அவர அவ்ளோ லேசா தள்ளிர முடியாது. ஆனா கேண்டிஸ் ஆட்ஜர்ஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர், இதே துறையில வருஷக்கணக்கா வேல பாக்கறவங்க, 2024லயே 'நேச்சர்' பத்திரிகைல இந்த புக்குக்கு மதிப்புரை எழுதினாங்க, இவ்ளோ பெரிய விளைவ நாங்களும் தேடினோம், கிடைச்சது ஒண்ணுமில்ல இல்லன்னா ரொம்ப சின்னது, ஏற்கனவே மனசு சரியில்லாத புள்ளைங்க போன ஜாஸ்தி பாக்கறாங்கங்கறதுக்கும் வாய்ப்பு இருக்குனு. அதாவது எது முன்னாடி எது பின்னாடிங்கற கேள்வி. இந்தச் சண்டை இன்னும் முடியல. முடியாத சண்டைய முடிஞ்ச மாதிரி அட்டைல அச்சடிக்கறதுதான் இந்த மாதிரி புக்குங்களோட வியாதி.

இதுக்குள்ள ஒரு நாடே சட்டம் போட்டுருச்சு. ஆஸ்திரேலியாவுல 2024 நவம்பர்ல நிறைவேத்தி 2025 டிசம்பர் 10ல இருந்து அமல், 16 வயசுக்குக் கீழ சோசியல் மீடியா கணக்கு கிடையாது, மீறினா கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். இதுல எனக்குப் பிடிச்ச ஒரு அம்சம், புள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ தண்டனை இல்ல, கம்பெனிக்குத்தான். நம்ம ஊர்ல எதுவா இருந்தாலும் மொத அடி அம்மாவுக்குத்தான விழும்.

கேர்பெட்டா மேடம், உங்க கேள்விக்கு என் பதில் ஒண்ணுதான். புக்ல ஒரு எண்ண பாத்தீங்கன்னா, இது எத்தன பேர்கிட்ட எடுத்தது, அவங்க யாரு, எந்த ஊருனு மூணு கேளுங்க. உதாரணத்துக்கு அந்த மார்ஷ்மெல்லோ கதை, பஞ்சு மாதிரி இருக்கற மிட்டாய். பிள்ளை வளர்ப்பு புக் எத திறந்தாலும் இருக்கும். வால்டர் மிஷல் ஸ்டான்போர்டு யுனிவர்சிட்டியோட நர்சரி ஸ்கூல்ல பண்ணினது, இப்ப ஒண்ணு சாப்பிடலாம், நான் வர்ற வரைக்கும் பொறுத்தா ரெண்டு. பொறுத்த புள்ளைங்க பிற்காலத்துல நல்ல மார்க் வாங்கினாங்கனு 1990ல எழுதினாங்க, அத வச்சு உலகம் பூரா சுயகட்டுப்பாடு வியாபாரம் நடந்துச்சு. அந்தப் புள்ளைங்க பெரும்பாலும் அந்த யுனிவர்சிட்டி ஆளுங்க வீட்டுப் புள்ளைங்க. 2018ல தொள்ளாயிரத்து சொச்சம் புள்ளைங்கள, பல மாதிரி வீட்டுல இருந்து எடுத்து பாத்தா அந்தத் தொடர்பு பாதியாச்சு, குடும்ப நிலவரத்த கணக்குல சேத்தா அதுலயும் மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு.

ஹோம்மேட்_சாக்லேட்

வாத்தியார் மார்ஷ்மெல்லோனு சொல்லிட்டீங்க, இனி நான் பேசாம இருந்தா என் தொழிலுக்கே அவமானம். ஊட்டில சாக்லேட் கடை, பத்தொம்பது வருஷம் ஆச்சு. புள்ளைங்க பொறுமைய பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு அந்த ஸ்டான்போர்டுக்குத் தெரியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினம் இருநூறு மூக்கு ஒட்டிட்டு நிக்குது.

கேளுங்க. காலைல வேன் வரும், பொட்டானிக்கல் கார்டன் போற கும்பல். புள்ள கடைய பாத்து கை நீட்டும். அப்பா சொல்வார், "திரும்பி வரும்போது வாங்கித் தர்றேன்". சீசன்ல வண்டிங்க எப்படிப் போகுதுனு நமக்குத் தெரியும்ல, குன்னூர் வழி ஏத்தி கோத்தகிரி வழி எறக்கி விடுவாங்க, ஊருக்குள்ளயும் அங்கங்க ஒன்வே. அந்த வேன் என் கடைப் பக்கம் திரும்பவே வராது. அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, டிரைவருக்கு நல்லாத் தெரியும், ஸ்டியரிங்க பாத்துட்டு சிரிப்பான். சில புள்ளைங்க சரினு போயிரும். சிலது உக்காந்துரும், ரோட்டுலயே, தரைல. இப்பவே வேணும். உடனே அம்மா, "பாருங்க பொறுமையே இல்ல இவனுக்கு". நான் மனசுக்குள்ள நெனச்சுக்குவேன், இது போன வருஷம் கொடைக்கானல் போய்ட்டு வந்த புள்ள போலருக்குனு.

அதாவது ஏற்கனவே ஒரு தடவ ஏமாந்தது. ஏமாந்த புள்ள பொறுக்காது. அதுக்கு பொறுமை இல்லனு அர்த்தமா, புத்தி இருக்குனு அர்த்தமா?

கணக்கு_வாத்தி_ஊட்டி

அண்ணே நீங்க சொன்னத அப்படியே ஒரு ஆராய்ச்சியா பண்ணிருக்காங்க, சத்தியமா. ராச்செஸ்டர் யுனிவர்சிட்டில செலஸ்ட் கிட்னு ஒரு பொண்ணு, 2013ல வந்த கட்டுரை. அவங்க முன்னாடி வீடில்லாத குடும்பங்க தங்கற எடத்துல வேல பாத்தப்பதான் இந்தக் கேள்வி வந்துச்சாம், இந்த எடத்துல வளர்ற புள்ள எதுக்கு காத்திருக்கணும்னு. 28 புள்ளைங்க. மொதல்ல பழைய கிரேயான குடுத்துட்டு, கொஞ்சம் பொறு, இதவிட நல்லது கொண்டு வர்றேன்னு போவாங்க. பாதிப் பேருக்கு நிஜமா கொண்டு வந்து குடுத்தாங்க, பாதிப் பேர்கிட்ட "மன்னிச்சுக்கோ, தீர்ந்து போச்சு"ன்னாங்க. அப்பறம் மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல் காப்பாத்தினவங்ககிட்ட புள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் பொறுத்துச்சு. ஏமாந்ததுங்க 3 நிமிஷம். கால் மணி நேரம் முழுசா பொறுத்தது அந்தப் பக்கம் 14ல 9, இந்தப் பக்கம் 14ல ஒண்ணே ஒண்ணு.

இருபத்தெட்டு பேர்தான், சின்ன ஆராய்ச்சி, நான் சொன்ன மூணு கேள்விய இதுக்கும் கேக்கணும். ஆனா பத்தொம்பது வருஷ சாக்லேட் கடைய சேத்துக்கிட்டா கொஞ்சம் கனம் கூடுது.

லயத்துப்பையன்

இத படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன் வாத்தியாரே.

எங்க தாத்தா சிலோன்ல இருந்து வந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும்னு ரெண்டு பேரு உக்காந்து கையெழுத்து போட்டாங்களே, அதுல ஒரு ஆளு. கப்பல்ல ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்பறம் இந்த மலை. எங்க அப்பா ஒரு தனியார் எஸ்டேட்டுல வேல பாத்தார், பேரு வேணாம். நான் ஆறாவது போகும்போது போனஸ் வந்ததும் சைக்கிள்னு சொன்னார். அந்த தீபாவளிக்கு போனஸ் பாதிதான் வந்துச்சு, மீதி அப்பறம்னாங்க. ஏழாவதுல அடுத்த போனஸ்னார். எட்டாவதுல நானே கேக்கல. அவர் பொய் சொல்லல, அவருக்கு மேல இருந்த ஆளு சொன்னத நம்பி அப்படியே எனக்கு சொன்னார், அவருக்கு வந்து சேந்திருந்தா எனக்கும் வந்திருக்கும். அந்த வருஷந்தான் ஒரு மாமா ஊருல இருந்து வந்தவரு கைல அம்பது ரூபா குடுத்தார், நான் அன்னிக்கே பஜாருக்கு ஓடி பரோட்டாவும் ஒரு கிரிக்கெட் பந்தும் வாங்கி முடிச்சுட்டேன். சேத்து வச்சா சைக்கிளுக்கு ஆகும்லனு எங்க வாத்தியார் அறிவுரை சொன்னார். எனக்கு அப்ப பதில் தெரியல.

லயத்துல ஸ்மார்ட்போன் எதுக்கு, சோத்துக்கே வழி இல்லாம ஆன்ட்ராய்டு கேக்குதாம்பாங்க இல்ல, அதுக்கு ஒரு புக் சொல்றேன். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் எழுதின 'புவர் எக்கனாமிக்ஸ்', 2011. 2019ல நோபல் வாங்கினாங்களே அவங்கதான். அதுல மொராக்கோ கிராமத்துல ஒருத்தர், வீட்டுல சாப்பாட்டுக்கே இழுபறி, ஆனா டிவி இருக்கும், டிஷ் இருக்கும். ஏன்னு கேட்டா சாப்பாட்ட விட டிவி முக்கியம்பார். வேல இல்லாத நாளு எவ்ளோ நீளம்னு அங்க இருந்து பாத்தாத்தான் தெரியும். நான் அத திருப்பூர்ல கம்பெனி ரூம்ல உக்காந்து படிச்சப்ப எங்க லயத்த யாரோ வந்து எட்டிப் பாத்துட்டு போன மாதிரி இருந்துச்சு. கோவமும் வந்துச்சு, மொராக்கோ வரைக்கும் போனவங்களுக்கு எங்க சேரம்பாடி வர வழி தெரியலியானு.

எங்களப் பத்தி புக்னு கேட்டா எல்லாரும் 'எரியும் பனிக்காடு'ம்பாங்க. நல்ல புக்தான், ஆனா அது நாவல், வால்பாறைப் பக்கம், அதும் டாக்டர் டேனியல் இங்கிலீஷ்ல 1969ல எழுதினத தமிழுக்குக் கொண்டு வந்தது. இன்னிக்கு கூடலூர்ல பட்டா இல்லாம, செக்‌ஷன் 17 நிலம்னு, அதாவது யாருக்குனு இன்னும் முடிவாகாத நிலம்னு சொல்லி கரண்டு கனெக்‌ஷனுக்கு அலையறவன பத்தி, பழைய ஜன்மி நிலச்சுவான்தாருங்க நிலத்த அரசு எடுத்துக்கற ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் 1969ல வந்தும் இன்னும் ஏன் முடியலங்கறத பத்தி, சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி தமிழ்ல ஒரு புக் யாராச்சும் எழுதுங்க. நான் பத்து காப்பி வாங்கறேன்.

கேர்பெட்டா_அம்மா

தம்பி, இத கடையில கஸ்டமர் நிக்கறப்ப படிச்சுட்டேன். ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவர் ஏம்மா கண்ணு கலங்குதுன்னார், டோனர் தூள்னு சொல்லிட்டேன்.

நீ சொன்ன கூடலூர் நிலம் மாதிரியே எங்க பச்சைத் தேயிலை வெலைய பத்தியும் யாராச்சும் எழுதணும். 2023ல எங்க ஆளுங்க கோத்தகிரி பக்கம் வெலைக்காக உண்ணாவிரதம் உக்காந்தாங்க, பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல வந்துச்சு, அதோட சரி.

மைசூர்ரோடு_மாறன்

லயத்துப்பையன் தம்பி, உங்க பதிவுக்கு அப்பறம் என் மொத கமெண்ட்ட படிக்க எனக்கே கூச்சமா இருக்கு. விதி, விலக்குனு பேசுனத வாபஸ் வாங்கிக்கறேன். தமிழ்ல அபுனைவு கம்மிங்கறத வாபஸ் வாங்கல.

ரிட்டயர்டு_டீச்சர்_குன்னூர்

வாங்க வேண்டிவரும் சார். ச. மாடசாமி 'எனக்குரிய இடம் எங்கே?'னு ஒண்ணு எழுதிருக்கார், வகுப்பறைல புள்ளைக்கு எடம் எங்கனு. எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரே காப்பி, கை மாறி கை மாறி அட்டை பிஞ்சு நான்தான் காலண்டர் தாள் ஒட்டினேன். சாய்நாத் இங்கிலீஷ்ல எழுதினாலும் எழுதினது நம்ம மண்ண பத்தி. 1996ல வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்'ல ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் வருது. அந்த புதுக்கோட்டை சைக்கிள் பகுதிய படிங்க. அறிவொளிங்கற எழுத்தறிவு இயக்கத்துல கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தப்ப பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அதுல எந்த நிபுணரும் வந்து பொம்பளைக்குத் தன்னம்பிக்கை வேணும்னு லெக்சர் அடிக்கல, தண்ணிக் குடத்த கேரியர்ல கட்டிட்டு அவங்கபாட்டுக்கு மிதிச்சுட்டு போறாங்க, எழுதறவர் பின்னாடி ஓடிட்டே எழுதறார். இந்த மலை ரோட்டுல அது நடக்காது, ஏத்தம் நம்மள விடாது, அது வேற விஷயம்.

பூம்பாறை_பூண்டு

டீச்சர், தனியா வெளிய விடுறதப் பத்தி ஒரு தமாசு. அமெரிக்காவுல லெனோர் ஸ்கெனேஸின்னு ஒரு அம்மா, 2008ல ஒம்பது வயசுப் பையன நியூயார்க் சப்வேல தனியா வீட்டுக்கு வரவிட்டு, அத பேப்பர்ல எழுதுச்சு. நாடே கொந்தளிச்சு அமெரிக்காவோட மோசமான அம்மான்னு பட்டம் குடுத்துச்சு. அப்பறம் அந்தம்மா புக்கு போட்டு, ஹைட்டோட எல்லாம் சேந்து 2017ல ஒரு அமைப்பே ஆரம்பிச்சுருச்சு. யூட்டா மாகாணத்துல 2018ல சட்டமே போட்டாக, புள்ள தனியா நடந்து ஸ்கூலுக்குப் போனா பெத்தவங்க மேல கேசு இல்லன்னு.

எங்க பூம்பாறையில ஒம்பது வயசுல நான் பஸ்ஸுல ஏறி, பூண்டு மூட்டை மேல உக்காந்து, கொடைக்கானல் போயி அப்பாவுக்கு மாத்திரை வாங்கிட்டு, மீதி காச கரெக்டா குடுத்துருக்கேன். எங்கம்மாவ எந்த டிவியும் கூப்பிடல. அப்ப அவுக ஊர் பிரச்சினை புள்ளைய வீட்டுக்குள்ளயே பொத்தி வைக்கிறது, நம்ம ஊர் பிரச்சினை ஏற்கனவே வெளிய இருக்குற புள்ளைய பத்திரமா வீடு சேக்குறது. மருந்து ஒண்ணா இருக்க முடியுமா?

ஹோம்மேட்_சாக்லேட்

மீதி காச கரெக்டா குடுத்தியா தம்பி, நெசமா?

பூம்பாறை_பூண்டு

ஒரு கடலமிட்டாய் மட்டும் அண்ணே.

கேர்பெட்டா_அம்மா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எங்க ஹெத்தை அம்மன் திருவிழா, ஹெத்தை ஹப்பா வந்துச்சு, அப்பறம் அரையாண்டு லீவு முடிஞ்சு ஒரே கூட்டம்.

நடந்தத சொல்றேன். புக்ல ஒரு எடத்துல ஹைட் சொல்றார், ஒரு வீட்டுல மட்டும் போன புடுங்கினா அந்தப் புள்ள தனியாயிரும், நாலு வீடு சேந்து பண்ணினாத்தான் ஆகும்னு. மொத தடவ படிச்சப்ப கோடுகூட போடாம தாண்டிட்டேன். இங்க பூண்டு தம்பி பட்டன் போன் சொன்னப்பறம் திரும்ப எடுத்துப் பாத்தேன். எங்க ஹட்டில இருந்து அந்த பஸ்ல வர்றது நாலு பொண்ணுங்க. அப்பதான் உறைச்சுது, நாலு பேரும் ஒரே ஸ்டாப், ஒரே பாதை, ஆனா ஒருத்தி ட்யூஷன், ஒருத்தி ஸ்போர்ட்ஸ்னு வேற வேற பஸ்ல வந்து தனித்தனியா நடந்துட்டு இருந்தாங்க. ஹப்பாவுல நாலு அம்மாவும் ஒண்ணா இருந்தப்ப பேசினோம். ட்யூஷன் மாஸ்டர்கிட்ட சொல்லி அர மணி நேரம் முன்னாடி விடச் சொல்லியாச்சு. இப்ப நாலும் ஒரே பஸ், ஸ்மார்ட்போனுக்கு பதிலா நாலு பேருக்கும் சேத்து ரெண்டு பட்டன் போன், ஒரு நல்ல டார்ச்.

ஹோம்வொர்க் இப்ப என் கடை போன் குரூப்புக்கு வருது. நாலு மணிக்கு பிரிண்ட் எடுத்து வச்சுருவேன், பஸ் ஏற வரும்போது வாங்கிட்டு போவாங்க. பக்கத்துக்கு ரெண்டு ரூபா நான் யார்கிட்டயும் வாங்கல, ஒரு அம்மா அதுக்கு பதிலா வாரம் ஒரு கட்டு கீரை குடுத்து விடறாங்க.

எல்லாம் நல்லபடியா போகுதுனு நெனச்சுக்காதீங்க. ரெண்டாவது வாரமே ஒரு வீட்டுல பழைய போன திருப்பிக் குடுத்துட்டாங்க, அவங்க அக்கா வெளியூர்ல இருக்கா, வீடியோ கால் பேசணும்னு, அது நியாயந்தான். அதுல இருந்து மத்த மூணும் அந்தப் பொண்ணு வீட்டுலயே உக்காந்திருக்குதுங்க. என் பொண்ணு என்கிட்ட சரியா பேசல. நேத்து ராத்திரி "நீ புக் படிக்கறதால எனக்குத்தான் கஷ்டம்"ன்னா. பதிலுக்கு நான் ஒண்ணும் சொல்லல, சாக்லேட் அண்ணன் சொன்னதுல இருந்து எதையும் "அப்பறம் தர்றேன்"னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. பத்தாவது முடிச்சதும் ஸ்மார்ட்போன்னு தேதி போட்டு, காலண்டர்ல அவ கையாலயே எழுத வச்சுட்டேன்.

லயத்துப்பையன்

அந்தத் தேதிய மட்டும் மறந்துராதீங்கக்கா.

மைசூர்ரோடு_மாறன்

புக் இப்ப ஃப்ரீயா இருக்கா மேடம்? நான் சுருக்கத்த மட்டும் படிச்சுட்டுத்தான் இவ்ளோ பேசினேன், ஒத்துக்கறேன்.

கேர்பெட்டா_அம்மா

இருக்குங்க சார், ஆனா வரிசைல டீச்சரம்மா மொதல்ல. நாளைக்கு காலைல குன்னூர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடறேன், பிரவுன் கவர் போட்டிருக்கும், மேல பேர் எழுதிருக்கும். டீச்சர், நீங்க அந்த 'பகல் கனவ' அதே பஸ்ல ரிட்டர்ன் ட்ரிப்ல அனுப்பிருங்க. பூண்டு தம்பிக்கு எப்படி அனுப்பறதுனுதான் தெரியல.

பூம்பாறை_பூண்டு

மேட்டுப்பாளையம் மண்டிக்கு நம்ம பூண்டு லோடு வரும்க்கா, புதன்கிழமை. டிரைவர்கிட்ட சொல்லி வைக்கிறேன். பக்கத்துல பூண்டு வாசம் வந்தா மட்டும் கோச்சுக்கக் கூடாது.